ஒரே பெயர், வேறு வேறு சாட்சிகள்: திருகோணமலை பற்றிய நூல்களில் ஆசிரியரை இனங்காணல்

1. கேள்வி

திருகோணமலை மாவட்டத்தின் வரலாற்றை எழுத முனைபவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பலவகை நூல்களை நம்பியே வேலை செய்யவேண்டியிருக்கிறது. தலபுராணம் ஒருபுறம், போர்த்துக்கேயத் தளபதியின் போர்களைப் புகழும் நூல் ஒருபுறம், கண்டியில் சிறையிருந்த ஆங்கில மாலுமியின் விவரணம் இன்னொருபுறம். அரசவையில் பிறந்த வைத்திய, சோதிட நூல்களும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரவர் எழுதிய வரலாற்று நாவலும் இந்த வரிசையில் சேரும். வரலாறு, அறிவியல், சமயம், போர் என்று துறைகள் வேறுபட்டாலும் இவற்றுக்குப் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. இவற்றின் ஆசிரியர்களிற் பலர் தம் பெயரை வேறொருவரோடு பகிர்ந்துகொண்டவர்கள். தந்தையின் பெயரே மகனுக்கும் இருந்தது. பாட்டன் ஏற்ற பட்டப்பெயரே பேரனுக்கும் வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு புலவர்கள் ஒரே பெயரால் அறியப்பட்டார்கள்.

தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு இது புதிய சிக்கலன்று. ஔவையார் ஒருவரா பலரா, சங்கப் பாடல்களைப் பாடிய நக்கீரரும் திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் ஒருவர்தானா, பட்டினத்தார் எத்தனை பேர் என்ற கேள்விகள் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. ஒரே பெயரில் வெவ்வேறு காலங்களில் பலர் பாடியிருக்கலாம் என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கின்றனர். ஆனால் இலக்கிய வரலாற்றில் வேரூன்றிய இந்த எச்சரிக்கை பிரதேச வரலாற்றெழுத்துக்குள் போதிய அளவு வந்து சேரவில்லை. அங்கே இரண்டு மனப்போக்குகள் நிலவுகின்றன. பெயர்க்குழப்பத்தை நூலகப் பட்டியல் தயாரிப்பவரின் வேலையாக ஒதுக்கிவிடுவது ஒன்று. கர்ணபரம்பரையில் வந்ததை இனிப் பிரித்தறிய முடியாது என்று கைவிட்டுவிடுவது மற்றது. இரண்டுமே போதாதவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆசிரியரை எந்த அளவுக்குத் தனிமனிதராகப் பிரித்துக் காட்டவேண்டும் என்பதை அந்த நூல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே தீர்மானிக்கிறது. கண்டதைச் சொல்லும் நூலுக்கு ஆளை அறிவது இன்றியமையாதது. கோட்பாடு பேசும் நூலுக்குக் காலத்தையும் சிந்தனைச் சூழலையும் அறிவது முதன்மையானது. அவையில் தொகுக்கப்பட்ட நூலுக்கு அந்த அவையை அறிவதே பயன் தரும்.

2. மூதூர்க் கல்: தந்தையும் மகனும்

கொட்டியாறு குடாவின் கரையிலுள்ள மூதூரில் ஒரு நினைவுக் கல் உண்டு. 1893இல் நடப்பட்ட அக்கல், அங்கு நின்ற மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று குறிக்கிறது. ஆன் என்னும் கப்பலின் கப்தான் றொபேட் நொக்ஸ் 1660இல் அம்மரத்தடியிற் பிடிபட்டார் என்றும், நொக்ஸ் 19 ஆண்டுகள் கண்டி அரசனிடம் சிறையிருந்தார் என்றும் அது தெரிவிக்கிறது. இரண்டு கூற்றுகளையும் தனித்தனியே எடுத்தால் இரண்டும் உண்மை. ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் உருவாகும் மனிதர் ஒருபோதும் வாழ்ந்தவரல்லர். ஆன் கப்பலின் கப்தான் மூத்த றொபேட் நொக்ஸ். அவர் பிடிபட்டு ஓராண்டு நிறைவதற்குள், 1661 பெப்ரவரியில், பண்டார கொஸ்வத்தையில் காய்ச்சலால் இறந்தார். 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் தடுத்துவைக்கப்பட்டு, 1679இல் தப்பி, நூலெழுதியவர் அதே பெயர் கொண்ட மகன். பிடிபடும்போது அவருக்கு வயது 19.

நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினால் இருவரின் பங்கும் தெளிவாகும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வாணிபத்துக்காக வந்த கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் பூட்டவும் இடையில் துணி வியாபாரம் செய்யவும் அது கொட்டியாற்றுக்கு அனுப்பப்பட்டது. அப்பகுதி அப்போது கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மன்னனின் திசாவை படையோடு வந்து, மரியாதைக்குரிய அழைப்புப்போல் ஆள் அனுப்பி, கரையிறங்கியவர்களைப் பிடித்துக்கொண்டான். புளியமரத்தடியில் பிடிபட்டவர் தந்தை. மகன் தனியே பிடிபட்டு, கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லும் தூதனாகக் கப்பலுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் விரும்பியிருந்தால் கப்பலோடு போயிருக்கலாம். கப்பலில் இருந்தவர்களை எச்சரித்துவிட்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி கரைக்குத் திரும்பினார். மொத்தம் 16 பேர் சிறைப்பட்டனர். மகனின் வாழ்வில் மிகக் கனதியான முடிவு இதுவே. தந்தையையும் மகனையும் ஒருவராக்கும் கல்வெட்டில் இந்த முடிவுக்கு இடமே இல்லை. பிடிபட்டவர் ஒருவரே என்றால், திரும்பி வந்தவர் எவரும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பைச் சந்திக்கவேண்டும். மகன் நொக்ஸும் பிற்காலத்தில் கப்தான் ஆனவர்தானே, கல்லில் வரும் பட்டம் அவரையே குறிக்கலாமல்லவா என்று கேட்கலாம். அவர் இங்கிலாந்து திரும்பியபின் தொங்கின் மெர்ச்சன்ட் என்னும் கப்பலுக்குத் தலைமை தாங்கியது உண்மை. அக்காலத்தில் மடகஸ்காரில் அடிமை வாணிபத்திலும் ஈடுபட்டார். இருபதாண்டு அடைபட்டுக் கிடந்தவர் பிறரை விலைக்கு வாங்கியது அவருடைய வாழ்க்கையைப் படிக்கும் எவரும் கடந்துபோகக் கூடாத செய்தி. ஆனால் கல் சொல்வது ஆன் கப்பலின் கப்தானைப் பற்றி. அக்கப்பலுக்கு மகன் ஒருபோதும் தலைமை தாங்கவில்லை. ஆகவே இது பட்டத்தைப் பின்னோக்கிப் பொருத்தியதால் வந்த சிறு பிழை என்று சமாதானம் சொல்ல இடமில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் இரு வாழ்க்கைகள் ஒன்றாக மடிக்கப்பட்டுவிட்டன. நடந்து 233 ஆண்டுகளுக்குப் பின் நிறுத்தப்பட்ட அக்கல் 1660க்குச் சான்றாகாது. 1893இல் இந்நிகழ்ச்சி எவ்வாறு நினைவுகூரப்பட்டது என்பதற்கே அது சான்று.

3. ஒரு பெயருக்குள் பல கைகள்

மகன் நொக்ஸின் இலங்கை பற்றிய வரலாற்று விவரணம் 1681இல் லண்டனில் வெளிவந்தது. றோயல் சொசைற்றியின் அறிஞர் றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் ரென் பரிந்துரை வழங்கினார். நொக்ஸ் நாடு திரும்பும் கடற்பயணத்தில் எழுதிய குறிப்புகளைத் தலைப்புகளின் கீழ் ஒழுங்குபடுத்த அவருடைய உறவினரான ஜோன் ஸ்ரைப் உதவினார். ஆகவே தந்தையிடமிருந்து மகனைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. தலைப்புப் பக்கத்தில் ஒருவர் பெயர் இருந்தாலும் நூலுக்குள் குறைந்தது மூவரின் அறிவு வேலை செய்திருக்கிறது. நாட்டின் அமைப்பு, அரசன், மக்களின் வழக்கங்கள், நூலாசிரியரின் சிறைவாழ்வு என்ற நான்கு பகுதிப் பிரிப்பில் அக்கால அறிவியற் சங்கம் பயணிகளிடம் எதிர்பார்த்த ஒழுங்கின் சாயல் தெரிகிறது. ஹூக் நொக்ஸிடம் கேட்டறிந்த செய்திகளைத் தம் அறிவியற் பணிக்கும் பயன்படுத்தினார். கஞ்சாச் செடியைப் பற்றி 1689இல் றோயல் சொசைற்றியில் அவர் நிகழ்த்திய உரை அதற்கு எடுத்துக்காட்டு.

இந்தக் கூட்டு உழைப்பு நூலின் நம்பகத்தைக் குறைக்கிறதா? ஒழுங்கமைப்பு பிறருடையதாக இருக்கலாம். கண்ட கண்கள் நொக்ஸினுடையவை. எந்தப் பகுதி எந்த வகை அறிவு என்று பிரித்துப் படிப்பதுதான் தேவை. இதற்குத் துணையாகப் பிற்காலத்தில் மேலும் ஆதாரங்கள் கிடைத்தன. நொக்ஸின் தன்வரலாற்றுக் கையெழுத்துப்படி ஒக்ஸ்போட்டின் போட்லியன் நூலகத்தில் இனங்காணப்பட்டு 1911இல் அச்சேறியது. அச்சிட்ட நூலுக்கு நொக்ஸ் தாமே சேர்த்த திருத்தங்களையும் கணக்கிலெடுத்து ஜே. எச். ஓ. பௌலூஸ் 1989இல் ஒரு விரிவான பதிப்பைக் கொண்டுவந்தார்.

நொக்ஸின் நூல் திருகோணமலையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கொட்டியாற்றில் அவர் இருந்தது சில மாதங்கள். அவர் நன்கறிந்தது கண்டி நாட்டுக் கிராமங்களை. தமிழ் வாசகர் கவனிக்கவேண்டிய பகுதி அவர் தப்பியோடிய வழியைப் பற்றியது. 1679இல் ஸ்ரீபன் ரட்லன்ட் என்ற தோழரோடு வடக்கு நோக்கி நடந்தவர், அநுராதபுரத்தில் சந்தித்த மக்களை மலபார்கள் என்கிறார். அவர்கள் கண்டி மன்னனின் குடிகளே ஆயினும், தாம் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதுகிறார். அங்கிருந்து மல்வத்து ஓயா என்னும் அருவியாற்றின் வழியே சென்று, ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். இலங்கையின் இன, மொழி வரலாறு பற்றிய விவாதங்களில் இப்பகுதிக்கு உள்ள முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. இதன் பலம் முழுவதும், சொன்னவர் சிங்களத்தை இருபதாண்டு பேசிப் பழகியவர், அந்த இடத்தில் நேரே நின்றவர், பொய் சொல்வதால் ஆதாயம் இல்லாதவர் என்பதிலேயே தங்கியிருக்கிறது. இதன் வரம்பும் அங்கேயே இருக்கிறது. ஓரிடத்தைக் குறுகிய காலம் கடந்துபோன ஒருவரின் கூற்றை ஒரு நாட்டின் எல்லைக்கோடாக நீட்ட முடியாது. பலத்தையும் வரம்பையும் ஒருசேர அறிய, பேசுபவர் எந்த நொக்ஸ் என்பது ஐயமின்றித் தெரிந்திருக்கவேண்டும்.

4. வேறு நொக்ஸ்களும் ஒரு தளபதியின் மகனும்

ஆங்கில நூற்பட்டியல்களில் இன்னும் சில றொபேட் நொக்ஸ்கள் இருக்கிறார்கள். 1791இல் எடின்பரோவில் பிறந்து 1862இல் இறந்த உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவர். பேர்க், ஹெயர் என்னும் இருவர் 1828இல் கொலைசெய்து விற்ற உடல்களை வாங்கியவர் என்ற பழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் 1850இல் வெளியிட்ட மனித இனங்கள் என்ற நூல், மனித வரலாறு அனைத்தையும் இனத்தைக் கொண்டே விளக்க முனைந்தது. இன்னொருவர் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கீழைத்தேயத் தொல்பொருட் பிரிவில் பணியாற்றியவர். அமராவதிப் பெருந்தூபியின் பௌத்தச் சிற்பங்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களின் இன்னொரு பகுதியைக் கண்ட தமிழர்க்கு அந்நூலின் பயன் எளிதில் விளங்கும். ஆக, றொபேட் நொக்ஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இலங்கை வரலாறு, உடற்கூற்றியல், இனக்கோட்பாடு, பௌத்தக் கலை ஆகியன வந்து நிற்கின்றன. தமிழ்க் கட்டுரைகளில் நொக்ஸ் என்று மட்டும் எழுதும் வழக்கத்தையும் சேர்த்தால் வட்டம் இன்னும் விரியும். ஸ்கொத்லாந்துச் சமயச் சீர்திருத்தத்தின் வரலாற்றை எழுதிய 16ஆம் நூற்றாண்டு ஜோன் நொக்ஸும், வட அமெரிக்கப் போர்க்களங்களைப் பற்றி 1769இல் நூல் வெளியிட்ட கப்தான் ஜோன் நொக்ஸும் உள்ளே வந்துவிடுவார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவர்களைக் குழப்பிக்கொள்ள வழியில்லை என்றே தோன்றும். ஆனால் ஓர் இடத்தில் ஆபத்து உண்மையானது. சிறையிருந்த நொக்ஸ் சிங்களவரையும் தமிழரையும் முஸ்லிம்களையும் வேடரையும் பற்றி எழுதினார். உடற்கூற்றியலாளர் நொக்ஸ் உலக இனங்களைப் பற்றி எழுதினார். இலங்கையின் இனங்கள் பற்றி நொக்ஸ் கூறுவது என்ற ஒரு சொற்றொடருக்குள் இருவரும் சிரமமின்றி நுழைந்துவிடலாம். முன்னவர் கூறுவது அயலவரோடு உண்டு, உழைத்து, கடன் கொடுத்து வாங்கி வாழ்ந்த ஒருவரின் அவதானம். பின்னவர் கூறுவது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இனவாதக் கோட்பாடு. அதன் அறிவியல் அடிப்படை பின்னர் முற்றாக நிராகரிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரின் கீழ் கலந்தால், கோட்பாட்டுக்குச் சாட்சியின் நம்பகம் கிடைத்துவிடும். சாட்சிக்கோ கோட்பாட்டின் நஞ்சு ஒட்டிக்கொள்ளும்.

போர் நூலுக்கு வந்தால் நொக்ஸ் நூலின் அதே 1681ஆம் ஆண்டு லிஸ்பனில் இன்னொரு மகன் எழுதிய நூல் வெளியாயிற்று. 1622இல் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா டி நொரோஞ்ஞா. அவர் 1630இல் ரந்தெனிவெலவில் படையோடு மாண்டார். அவருடைய மகன் ஜொவாவ் ரொட்ரீகஸ் டி சா இ மெனேசெஸ், தந்தையின் ஆட்சிக் காலப் போர்களையும் இலங்கைக் கிளர்ச்சியையும் ஸ்பானிய மொழியில் எழுதினார். அவருக்கும் பெயர்ப்பங்காளி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்த்துக்கேயக் கவிஞர் ஒருவருக்கும் இதே பெயர். காலத்தைப் பார்த்தாலே இவர்களைப் பிரித்துவிடலாம். கூர்ந்து நோக்கவேண்டியது வேறொன்று. இம்மகன் தந்தையின் பெயரைச் சுமக்கவில்லை, ஆனால் தந்தையின் புகழைச் சுமந்தார். நொக்ஸின் நூல் தாம் பட்டதைச் சொல்வது. சாவின் நூல் தந்தை செய்ததற்கு வாதாடுவது. ஒரே ஆண்டில் வெளிவந்த, மகன்மார் எழுதிய இவ்விரு நூல்களையும் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சான்று என்று ஒரே தட்டில் வைக்கும் வழக்கம் கைவிடப்படவேண்டும். கோயிலை இடித்தவரின் தரப்பை அறிய சாவின் நூல் தேவை. ஆனால் நேரிற் கண்டவரின் சாட்சிக்கு உரிய இடத்தை அதற்கு வழங்க முடியாது.

5. செகராசசேகரன்: பகிரவே வைத்த பெயர்

ஐரோப்பியப் பெயர்களில் பகிர்வு குடும்ப வழக்கத்தால் வந்தது. யாழ்ப்பாண அரசில் அது அரசியல் ஏற்பாடு. முடிசூடும் ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறி ஏற்றனர். சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாற்றிக்கொண்ட முறைமைக்கு இது ஒப்பானது. இப்பெயர்களோடு இணைந்த நூல்கள் பல துறையின. செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்திய நூல்கள். செகராசசேகரமாலை சோதிட நூல். அதன் சிறப்புப்பாயிரம் அரச மரபைப் பற்றிக் கூறுவதால் வரலாற்றாசிரியருக்கும் அது தேவையாகிறது. திருகோணமலைக்கு உரிய தக்ஷிண கைலாச புராணம் சமய நூல். அதன் ஆசிரியர் பண்டிதராசர் என்பாரும் உளர், செகராசசேகர மன்னனே என்பாரும் உளர். மருத்துவம், சோதிடம், தலபுராணம் மூன்றும் செகராசசேகரன் என்ற ஒரு பெயரைச் சுற்றி நிற்கின்றன.

எந்தச் செகராசசேகரன் என்று தேடுவது ஆய்வாளரின் இயல்பான முதல் வேலை. முதலியார் செ. இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1978இலும் வெளியிட்ட நூல்கள் ஆரியச் சக்கரவர்த்திகளின் வரிசையை நிறுவ முயன்றவை. அவர்களின் முடிவுகள் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. இதற்கு அவர்களின் திறனைக் குறைசொல்ல முடியாது. பட்டப்பெயர் ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு இடையறாது செல்வதற்காகவே வைக்கப்பட்டது. தனியாளை மறைத்து அரசிருக்கையை முன்னிறுத்துவதே அதன் பணி. 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் சங்கிலியும் செகராசசேகரன் என்ற பட்டத்துக்கு உரியவரே. ஆகவே பட்டப்பெயரை மட்டும் வைத்து ஒரு நூலின் காலத்தைக் குறித்தால் இருநூறு ஆண்டுகள் வழுவ இடமுண்டு. காலத்தை மொழிநடை, பாயிரத்தில் வரும் அரசியற் குறிப்புகள், பிறநூல் தொடர்புகள் ஆகியவற்றைக் கொண்டே அணுகவேண்டும். அப்படி அணுகினாலும் கிடைப்பது ஓர் அவையின் காலம். ஒரு மனிதரின் கையெழுத்தன்று.

இதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. வைத்திய நூலில் இருப்பது தலைமுறைகளாகத் திரண்ட அனுபவ அறிவு. அதை நல்லூர் அரசவை ஆதரித்து, ஒழுங்குபடுத்தி, தன் பெயரைச் சூட்டியது. மருந்து முறை ஒன்றின் பெறுமதி எந்த அரசன் காலத்தில் பாடப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று. தலபுராணத்திலும் நாம் கேட்கவேண்டியது வேறு கேள்வி. திருகோணமலைக் கோயிலின் பெருமையை யாழ்ப்பாண அரசவை தன் பெயரோடு இணைத்துப் போற்ற விரும்பியது ஏன், அவ்விணைப்பு கிழக்கின் மீது அவ்வரசு கொண்ட சமய அக்கறையையும் அரசியல் நாட்டத்தையும் எந்த அளவுக்குக் காட்டுகிறது என்பதே அக்கேள்வி. ஆசிரியர் பண்டிதராசரா மன்னரா என்ற விவாதம் முடிவின்றி நின்றாலும் இக்கேள்விக்கு விடை காண முடியும்.

ஆனால் செயல்களைப் பற்றிப் பேசும்போது இச்சலுகை செல்லாது. மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளின்படி யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். 1544இல் மன்னாரில் கிறிஸ்தவரைக் கொல்வித்த சங்கிலியும் 1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்ற சங்கிலி குமாரனும் அந்நூலில் ஒரே மனிதராகிவிடுகிறார்கள். இடைப்பட்ட 75 ஆண்டுகள் மறைந்துபோக, ஒருவரின் கொடுமையும் மற்றவரின் வீழ்ச்சியும் குற்றமும் தண்டனையும்போல் இணைந்துவிடுகின்றன. மூதூர்க் கல்லில் நடந்ததும் வைபவமாலையில் நடந்ததும் ஒரே வகைப் பிழை. கல்லில் அதனால் மறைந்தது ஒரு மகனின் முடிவு. வைபவமாலையிலோ ஓர் அரசின் அழிவுக்கான காரணமே திரிந்துவிட்டது. புலவர் மூலமாகக் கொண்ட இராசமுறை போன்ற நூல் இன்று நம்மிடம் இல்லாத நிலையில், இப்பிழையைப் போர்த்துக்கேய ஆவணங்களின் துணையின்றித் திருத்தியிருக்க இயலாது.

6. முன்னெழுத்துகள் சொல்வது

அச்சு நூல்களின் காலத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1895இல் வெளிவந்த மோகனாங்கி தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுவது. அதன் ஆசிரியர் திருகோணமலையில் பிறந்து சென்னையில் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் நல்லூரில் வாழ்ந்த சரவணமுத்துப் புலவர், ஆறுமுக நாவலரின் ஆசிரியர்களில் ஒருவர். முன்னெழுத்தையும் ஊரையும் விட்டுவிட்டு ஈழத்துச் சரவணமுத்து என்று எழுதினால், மரபுவழிப் புலவரும் நாயக்கர் கால வரலாற்றை உரைநடை நாவலாக்கிய புத்திலக்கியக்காரரும் ஒருவராகிவிடுவர். இதைவிடச் சிக்கலானது கதிரைவேற்பிள்ளைகளின் நிலை. நா. கதிரைவேற்பிள்ளை, திரு. வி. க.வின் ஆசிரியர். கு. கதிரைவேற்பிள்ளை நீதித்துறையில் இருந்தவர். அவருடைய சொல்லகராதியை மதுரைத் தமிழ்ச்சங்கம் 1910 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் அகராதி செய்தவர். துறையையும் ஊரையும் கொண்டு பிரிக்க முயல்பவர் இங்கே தோற்றுவிடுவார். கைகொடுப்பது ஒற்றை முன்னெழுத்துத்தான்.

தி. த. என்ற இரண்டு எழுத்துகளில் திருகோணமலை என்ற ஊரும் தம்பிமுத்துப்பிள்ளை என்ற தந்தையும் அடங்கியிருக்கிறார்கள். அதே எழுத்துகளைத் தாங்கிய தி. த. கனகசுந்தரம்பிள்ளை அவருடைய தமையன். தமிழ்ப் பெயரிடல் முறையே ஆளை இனங்காணும் கருவியைத் தன்னுள் வைத்திருந்தது என்பதற்கு இது போதிய சான்று. பிற்காலக் கட்டுரைகளும் பாடநூல்களும் இவ்வெழுத்துகளை அலங்காரமாக எண்ணி உதிர்த்தபோதுதான் குழப்பம் பெருகியது. இணையவழி நூலகமான நூலகம் தன் ஆளுமைப் பக்கங்களில் ஒருவரின் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்துத் தலைப்பிடுவது அந்த மரபை முறையாக மீட்பதாகும். உலக நூலகங்கள் பெயரோடு பிறப்பு, இறப்பு ஆண்டுகளைச் சேர்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

7. மறுப்புகள்

எச்சொல்லை எவர் சொன்னாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்திருக்க, ஆசிரியர் யாரென்று துருவுவது ஏன் என்று கேட்கலாம். வள்ளுவரின் நெறி கருத்துகளுக்கு முழுமையாகப் பொருந்தும். ஒரு வாதம் சரியா என்பதை வாதத்தைக் கொண்டே அறியலாம். ஆனால் 1679இல் அநுராதபுரத்தில் எம்மொழி பேசப்பட்டது என்ற செய்தியை நாம் யோசித்து அறிய முடியாது; அங்கிருந்தவர் சொல்லித்தான் அறிய முடியும். சொல்பவரின் இடமும் காலமும் அங்கே மெய்ப்பொருளின் பகுதியாகிவிடுகின்றன. சாட்சியை ஆராய்வது வள்ளுவரின் நெறிக்கு மாறானதன்று. அதைச் செய்து முடிக்கும் வழியே அது.

தனிமனித ஆசிரியர் என்ற கருத்தே ஐரோப்பிய அச்சுப் பண்பாட்டின் விளைவு, அதைப் புராணங்களின் மீதும் அவை நூல்களின் மீதும் திணிப்பது தவறு என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. செகராசசேகரன் நூல்களை ஒரு தனியாளின் ஆக்கங்களாக்க முற்படக் கூடாது என்று மேலே கூறியதும் அதனால்தான். எனினும் தமிழ் மரபு ஆசிரியரைப் பற்றி அக்கறையற்றிருந்தது என்று முடிவுகட்ட முடியாது. நூலின் பாயிரம் கூறவேண்டிய செய்திகளுள் ஆக்கியோன் பெயரை முதலாவதாக வைத்தவர்கள் நம் இலக்கணகாரர். வழி, எல்லை, நூற்பெயர் ஆகியவற்றையும் அவர்கள் அதே வரிசையில் கேட்டார்கள்; காலம், களம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டவர்கள் உண்டு. பெயரோடு காலத்தையும் களத்தையும் சேர்த்துக் கேட்ட மரபு, பெயர் தனித்து நின்றால் போதாது என்பதை அறிந்திருந்த மரபு.

மூன்றாவது மறுப்பு மக்கள் நினைவின் சார்பில் எழுவது. மூதூர் மக்கள் ஒரு மரத்தையும் ஒரு கதையையும் காத்து வந்திருக்கிறார்கள். தந்தையா மகனா என்ற நுணுக்கம் அவர்களுக்கு என்ன தரும் என்று கேட்கப்படலாம். இக்கதையின் உயிரான பகுதி, தப்பிப்போக வாய்ப்பிருந்தும் தந்தையிடம் திரும்பிய இளைஞன். அவனைக் கல் மறைக்கிறது. திருத்தத்தால் மக்கள் நினைவு வறியதாகாது, செழிப்படையும். பல தலைமுறைகள் மதித்துக் காத்த இடத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அங்கே நடந்ததைச் சரியாகச் சொல்வதுதான்.

8. முடிபு

பெயரொற்றுமை நூலகத்தோடு முடிந்துவிடும் சிறு தொல்லையன்று என்பதை இதுவரை கண்ட எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. அது சாட்சியைக் கோட்பாட்டோடு கலக்கிறது, இரு வாழ்க்கைகளை ஒன்றாக்குகிறது, இடையிலுள்ள ஆண்டுகளை அழித்துக் காரணங்களைத் திரிக்கிறது. இதற்கு மருந்து எல்லா நூலுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. நொக்ஸ் போன்றோரிடம் எவர், எங்கே, எப்போது கண்டார் என்று கேட்கவேண்டும். உடற்கூற்றியலாளர் நொக்ஸிடம் எந்தச் சிந்தனைச் சூழலில் பேசினார் என்றும், சா போன்றோரிடம் எவருக்காக வாதாடினார் என்றும் கேட்கவேண்டும். செகராசசேகரன் பெயரால் வந்த நூல்களிடம் எந்த அவை, எந்த நோக்கம் என்று கேட்டால் போதும். சங்கிலி போன்ற அரசரின் செயல்களைப் பேசும்போது மட்டும் ஆளைப் பிரிக்காமல் ஓரடி முன்வைக்கக் கூடாது.

திருகோணமலையில் இதைச் செயலாக்குவது கடினமன்று. பிரதேச வரலாறு எழுதுவோர் முதன்முறை பெயரைக் குறிக்கும்போது முன்னெழுத்து, ஊர், வாழ்ந்த காலம் மூன்றையும் தரலாம். பாடசாலை நூலகங்களும் பொது நூலகங்களும் தம் பட்டியல்களில் அதே ஒழுங்கைப் பின்பற்றலாம். மூதூரில் 1893ஆம் ஆண்டுக் கல்லை அகற்றவோ மாற்றவோ வேண்டாம்; அதுவும் ஓர் ஆவணம். அதன் அருகே மும்மொழியிலும் ஒரு விளக்கப் பலகை வைத்து, 1661இல் இறந்த தந்தையையும் 1681இல் நூல் வெளியிட்ட மகனையும் பிரித்துக் காட்டினால் போதும். பல இனத்தவரும் பல மொழியினரும் தத்தம் உரிமைக்குச் சான்று தேடும் ஒரு மாவட்டத்தில், சான்று சொன்னவர் எவர் என்பதில் காட்டும் நேர்மை எல்லாத் தரப்புக்கும் பொதுவான பாதுகாப்பு.